அப்பாவின் மைப்பேனாவுக்கு நான் செய்த தவறுகள்

அப்பா இறந்த இரண்டாவது மாதத்தில் அவருடைய மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது, பழைய கைக்குட்டை ஒன்றில் சுற்றி வைத்திருந்த கறுப்பு மைப்பேனா எனக்குக் கிடைத்தது. அதை மீண்டும் எழுத வைக்க வேண்டும் என்ற ஆசையில் அடுத்த ஒன்றரை ஆண்டில் நான் செய்த தவறுகளால் அந்தப் பேனாவின் கறுப்பு நிறம் போனது, உடலில் விரிசல் விழுந்தது, அதில் பொறித்திருந்த அப்பாவின் பெயரே இல்லாமல் போனது. இவை எல்லாவற்றையும்விட, அம்மா சொல்லச் சொல்ல அந்தப் பேனாவால் நான் எழுதி வைத்த நினைவுகளில் 63 பக்கங்கள் ஒரே இரவில் அழிந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் விவரம் அறிந்த ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய இழப்புகள் இவை. வீட்டுப் பெரியவர்களின் பேனாவை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருப்பவர்கள், அதைத் தண்ணீர்க் குழாயிடம் கொண்டு போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் அப்பா பேனாவுக்கு மை நிரப்பும் வேளை. மேசையில் பழைய தாள் ஒன்றை விரிப்பார். மைப்புட்டியின் மூடியைத் திறந்து தனியே கவிழ்த்து வைப்பார். பேனாவின் முள் முழுதும் மூழ்கும்படி புட்டிக்குள் விட்டு, பக்கவாட்டில் இருக்கும் சிறு உலோக நெம்பைத் தூக்கி, மெல்ல இறக்கி, பத்து எண்ணும் வரை அசையாமல் பிடித்திருப்பார். அந்தப் பத்தை எண்ணிச் சொல்வது என் வேலை. பிறகு இரண்டு மூன்று சொட்டுகளைப் புட்டிக்குள்ளேயே திரும்ப விட்டு, முள்ளையும் கழுத்தையும் துணியால் துடைப்பார். அந்தத் துணி எத்தனை முறை துவைத்தாலும் நீலமாகவே இருக்கும். அவருடைய நடுவிரலின் முதல் கணுவும் அப்படியே. என் கையில் அபூர்வமாகப் பேனாவைக் கொடுக்கும்போது, "அழுத்தாதே அம்மா, பேனாவின் கனமே போதும், நீ தள்ளிக்கொண்டு மட்டும் போ" என்பார். வெளியாட்களுக்கு மட்டும் அதைக் கொடுக்கவே மாட்டார். கையெழுத்துப் போட யாராவது கேட்டால் பந்துமுனைப் பேனாவை எடுத்து நீட்டுவார். வேறு கை எழுதினால் முள் கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அதைப் பொருள்மேல் உள்ள பிடிப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

அது முதலில் தாத்தாவின் பேனா. உடல் எபோனைட் என்ற கெட்டி ரப்பர், உள்ளே ரப்பர் பை, பக்கத்தில் நெம்பு. நெம்பைத் தூக்கினால் உள்ளிருக்கும் தகடு பையை நசுக்கிக் காற்றை வெளியேற்றும். இறக்கினால் பை விரிந்து மையை உறிஞ்சும். 1908-இல் வால்ட்டர் ஷீஃபர் காப்புரிமை பெற்ற பிறகு பரவிய முறை இது. அதற்கு முன் சொட்டுக்குழாயால் உடலுக்குள் நேரடியாக மையை ஊற்றினார்கள். முள்ளுக்கு அடியில் ஒட்டியிருக்கும் கட்டையை நாங்கள் நாக்கு என்போம். அதிலுள்ள மெல்லிய பள்ளங்கள் வழியே மை கீழிறங்க, இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று மேலேறும்; இந்த இரண்டும் ஒன்றையொன்று தடுக்காமல் நடப்பதால்தான் பேனா சீராக எழுதுகிறது. லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்றது இந்த நாக்கின் அமைப்புக்குத்தான். இதையெல்லாம் நான் பேனாவைக் கெடுத்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தலைமயிர் அளவே உள்ள அந்தப் பள்ளங்களைப் பற்றி முன்பே அறிந்திருந்தால், பின்னால் சொல்லப்போகும் மையை அதற்குள் ஊற்றியிருக்க மாட்டேன்.

பேனா கிடைத்த அன்றே அதை எழுத வைத்துப் பார்க்க வேண்டும் என்ற பரபரப்பு எனக்கு. முள்ளில் உலர்ந்த மை பொருக்காக ஒட்டியிருந்தது. வெந்நீர் எதையும் கரைக்கும் என்று நினைத்து, ஆவி பறக்கும் தண்ணீரில் பேனாவை மூடியோடு போட்டு இரவு முழுதும் விட்டுவிட்டேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது என் கண்களை என்னால் நம்ப முடியவில்லை. பளபளப்பான கறுப்பு உடல், சேறு காய்ந்தது போன்ற பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருந்தது. எபோனைட் என்பது ரப்பரில் 30 விழுக்காடு அளவுக்குக் கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கிய பொருள். பல்லாண்டுகள் வெளிச்சம் பட்ட எபோனைட்டின் மேற்பரப்பு ஏற்கெனவே சிதையத் தொடங்கியிருக்கும்; கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்தச் சிதைவைத் தண்ணீரும் சூடும் ஒரே இரவில் வெளிக்கொண்டு வந்துவிடும். உடலைத் தண்ணீரில் போட வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. முள்ளும் கழுத்தும் மட்டும் நனையும்படி, ஒரு சிறு கிண்ணத்தில் விரலளவு ஆழத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்திருந்தால், இரண்டு மூன்று நாட்களில் பழைய மை தானாகவே கரைந்து வந்திருக்கும்.

ஆகவே தண்ணீருக்கு முன்னால் பேனா எந்தப் பொருளால் ஆனது என்று பாருங்கள். உடலைக் கட்டைவிரலால் பத்துப் பதினைந்து முறை வேகமாகத் தேய்த்து முகர்ந்தால், எபோனைட்டில் எரிந்த ரப்பரின் கந்தக வாடை வரும். பழைய பிளாஸ்டிக் வகையான செல்லுலாயிடில் கற்பூர வாடை வரும், ஏனெனில் அதில் கற்பூரமே சேர்ந்திருக்கிறது. செல்லுலாயிட் எளிதில் தீப்பற்றக் கூடியது என்பதால் அதன் அருகே சூட்டையே கொண்டு போகக் கூடாது. நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் பட்டால் அது கரைந்தே போகும். பாற்புரதத்தால் செய்த கேசீன் பேனாக்களும் உண்டு. அவை தண்ணீரில் ஊறினால் உப்பிக் கோணலாகிவிடும். எது என்று தெரியாத பேனாவுக்கு ஈரத்துணியும் பொறுமையும் போதும். ஸ்பிரிட்டை எந்தப் பழைய பேனாவுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

நிறம் போன வருத்தம் ஆறுவதற்குள் அடுத்த தவறையும் செய்தேன். முள் சுத்தமாகத் தெரிந்தது. வீட்டில் ஓவியத்துக்காக வாங்கி வைத்திருந்த கறுப்பு இந்தியன் மை ஒரு புட்டி இருந்தது. மை என்றால் எல்லாம் மைதானே என்று அதை நிரப்பினேன். ரப்பர் பை அப்போதே இறுகிப் போயிருந்ததால் நெம்பைத் தூக்கியபோது உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. அதையும் பொருட்படுத்தாமல், முள்ளை மையில் தோய்த்துத் தோய்த்து அப்பாவின் பெயரை நான்கு முறை எழுதினேன். கருகருவென்று மிக அழகாக வந்தது. அந்த மகிழ்ச்சியில் அன்றிரவு அழுதேன். மூன்று நாட்கள் கழித்து எடுத்தபோது முள் ஒரு கோடு கூட இழுக்கவில்லை. இந்தியன் மை என்பது புகைக்கரியை அரக்குக் கரைசலில் கலந்து செய்வது. தொட்டு எழுதும் பேனாவுக்கும் தூரிகைக்கும் ஏற்ற மை அது. எழுதி முடித்ததும் முள்ளைத் துடைத்துவிட்டால் தொல்லை இல்லை. மைப்பேனாவின் நாக்குக்குள் அது காய்ந்தால் கரியும் அரக்குமாகப் பள்ளங்களை அடைத்துவிடும். பிறகு தண்ணீரில் கரையாது. புட்டியில் மைப்பேனாவுக்கு உரியது என்று தெளிவாக எழுதியிராத எந்த மையையும், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், பேனாவுக்குள் விடாதீர்கள். கரித்துகள் மைகளில் மைப்பேனாவுக்கென்றே மிக நுண்ணியதாக அரைத்துச் செய்தவை இப்போது கிடைக்கின்றன. அவற்றையும் பேனாவில் காய விடக் கூடாது.

மூன்றாவது தவறு கைவலிமையால் நேர்ந்தது. அடைப்பை நீக்கக் கழுத்தைக் கழற்ற வேண்டும் என்று எண்ணி, இடுக்கியால் பிடித்துத் திருகினேன். திருகுமறை உள்ள பேனா என்று நினைத்தேன். ரப்பர் பை உள்ள பெரும்பாலான பேனாக்களில் கழுத்து உடலுக்குள் இறுகச் செருகப்பட்டு, சில நேரம் அரக்கால் ஒட்டப்பட்டும் இருக்கும். மிதமான உலர்ந்த சூட்டில் அரக்கு இளகும் வரை காத்திருந்து, ரப்பர் உறை போட்ட இடுக்கியால் இம்மி இம்மியாக அசைத்து எடுக்க வேண்டியதை நான் ஒரே மூச்சில் முறுக்கினேன். உடலின் வாய்ப்பகுதியில் அரை அங்குல நீளத்துக்கு விரிசல் ஓடியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டேன், மூன்று தவறுகளுக்குப் பிறகாவது நிறுத்தினேனே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். முதல் தவறுக்கு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பழைய பேனாக்களைச் சீர்செய்யும் ஒரு பெரியவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. பேனாவை அஞ்சலில் அனுப்பினேன். அவர் கையில் அது நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தது. அம்மோனியாக் கலவையில் நாக்கைப் பலமுறை ஊறவைத்து அரக்கைக் கரைத்தார். நொறுங்கிய பையின் துண்டுகளைச் சுரண்டி எடுத்துப் புதிய பை பொருத்தினார். விரிசலுக்கு மெல்லிய உலோக வளையம் போட்டார். வேலையில் எந்தக் குறையும் இல்லை. குறை நான் எழுதிய கடிதத்தில் இருந்தது. "முடிந்தவரை புதிது போல் ஆக்கித் தாருங்கள்" என்று எழுதியிருந்தேன். அவர் அதையே செய்தார்: நிறம் மாறிய மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்துப் பழைய கறுப்பைக் கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்தபோது பேனா கண்ணாடி போல் மின்னியது. அப்பாவின் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு வழவழப்புத்தான் தட்டியது. தேய்மானத்தால் ஏற்கெனவே மங்கியிருந்த அந்தப் பொறிப்பு, சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிந்துகொண்டிருந்த ஒன்று, தேய்த்ததில் முற்றிலும் போயிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. "பெயர் இருந்ததை நீங்கள் சொல்லவில்லையே அம்மா, நிறம் மாறிய பேனாவில் எனக்கு அது தெரியவில்லையே" என்றார். அவர் சொன்னது சரி. அந்த நிற மாற்றமும் என்னால் வந்ததுதான்.

சீர்செய்த கூலியும் அஞ்சல் காப்பீடும் சேர்ந்து அதே அளவுள்ள புதிய பேனா இரண்டு வாங்கும் தொகை ஆயிற்று. பணம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் பேனாவைச் சீர்செய்யக் கொடுப்பவர்கள் அனுப்புவதற்கு முன் அதை நான்கு பக்கமும், விளக்கைப் பக்கவாட்டில் வைத்தும், படம் எடுத்துக்கொள்ளுங்கள்; எதையெல்லாம் தொடக் கூடாது என்பதை, செய்ய வேண்டிய வேலையின் பட்டியலுக்கு முன்னால் எழுதுங்கள். பெயர்ப்பொறிப்பு, பல் தடம், மூடியில் உள்ள கீறல், உங்களுக்கு எது வேண்டுமோ அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். தேய்க்கலாமா என்பதைத் தனிக் கேள்வியாக உங்களிடம் கேட்டு, உங்கள் பதில் வந்த பிறகே செய்யச் சொல்லுங்கள். முள்ளைப் பற்றியும் அப்படியே. நல்லவேளையாக அந்தப் பெரியவர் என் பேனாவின் முள்ளை மட்டும் தொடவில்லை. உருப்பெருக்கியில் பார்த்ததாகவும், இரண்டு பிளவுகளும் ஒரே மட்டத்தில் இருப்பதாகவும், நுனி ஒரு பக்கம் தேய்ந்திருந்தாலும் அதை விட்டுவிட்டதாகவும் துண்டுத்தாளில் குறித்திருந்தார். அந்தக் குறிப்பின் அருமை அன்று எனக்குத் தெரியவில்லை.

பேனா திரும்பி வந்ததும் அதற்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொரு மாலையும் அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து, அப்பாவைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எழுதத் தொடங்கினேன். இந்த முறை மை விஷயத்தில் கவனமாக இருந்தேன், அல்லது இருப்பதாக நினைத்தேன். பழைய பேனாவுக்கு ஆபத்தில்லாதது, ரப்பர் பையைக் கெடுக்காதது, தண்ணீர் பட்டால் எளிதில் கழுவி எடுக்கக் கூடியது என்று பலரும் பரிந்துரைத்த துவைத்தால் போகும் நீல மையை வாங்கினேன். பேனாவுக்கு அது மிக நல்ல மை. இன்றும் அப்படியே சொல்வேன். ஆனால் துணியிலிருந்து துவைத்தால் போகும் மை தாளிலிருந்தும் போகும் என்ற எளிய உண்மை, 11 மாதங்கள் எழுதியும் எனக்குத் தோன்றவில்லை. முள்ளோ தாளைச் சற்றுச் சுரண்டிக்கொண்டே எழுதியது; என் கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இடையில் ஒருமுறை, பயணத்தில் கால் பங்கு மையோடு சட்டைப்பையில் வைத்திருந்தபோது மூடிக்குள் மை கொட்டியது. உள்ளே மை குறையக் குறையக் காற்று கூடும்; உடல் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். பயணத்தின்போது பேனாவை நிறைத்தோ காலியாக்கியோ வையுங்கள், எப்போதும் முள் மேல்நோக்கி இருக்கட்டும். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் இதே தொல்லை நேரும்.

அந்த இரவு அலமாரிக்கு மேலே சென்ற தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்தது. காலையில் பார்த்தபோது என் நோட்டுப் புத்தகமும், அதற்கு அடுத்து வைத்திருந்த அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகள் நான்கும் நனைந்து ஊறிக் கிடந்தன. என் நோட்டைத் திறந்தேன். முதல் பாதியில் பக்கத்துக்குப் பக்கம் வெளிறிய நீலக் குளம். எழுத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. பந்துமுனைப் பேனாவால் எழுதியிருந்தால் தாளில் அழுத்தத்தின் தடமாவது இருந்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்திருக்கலாம். அழுத்தாமல் எழுத வேண்டும் என்று அப்பா கற்றுத் தந்தபடியே எழுதியிருந்தேன், ஆகவே தாளில் எந்தத் தடமும் இல்லை. 63 பக்கங்கள் முழுவதும் போயின. மேலும் 20 பக்கங்களில் அங்கங்கே சொற்கள் மட்டும் மிஞ்சின. பிறகு நடுங்கும் கையோடு அப்பாவின் நோட்டுகளைத் திறந்தேன். தாள் சுருங்கியிருந்தது, வரிகளைச் சுற்றி மெல்லிய நீலம் கசிந்திருந்தது, ஆனால் எழுத்துகள் அத்தனையும் கறுப்பாக அப்படியே நின்றன. பால் கணக்கு முதல் என் பள்ளிக் கட்டணம் வரை ஒரு புள்ளி கூட அழியவில்லை.

அப்பா பயன்படுத்தியது நீலக்கறுப்பு மை. அவர் காலத்தில் அந்தப் பெயருக்குப் பொருள் இருந்தது. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி உப்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு மை அது. எழுதும்போது அதற்கு நிறம் மிகக் குறைவு. அதனால் கண்ணுக்குத் தெரிவதற்காக நீலச் சாயம் சேர்ப்பார்கள். தாளுக்குள் ஊறிய பிறகு காற்றுப் பட்டு, சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது கறுத்து, தண்ணீரில் கரையாத பொருளாக இழைகளுக்குள் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டபோது அப்பாவின் நோட்டில் கசிந்தது அந்த நீலச் சாயம் மட்டுமே. 4-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கோடெக்ஸ் சினாய்ட்டிக்கஸ் என்ற கிரேக்க விவிலியச் சுவடியை இன்றும் படிக்க முடிவது இவ்வகை மையால்தான். என் நீல மையோ செயற்கைச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்துச் செய்தது. வில்லியம் பெர்க்கின் 1856-இல் முதல் அனிலின் சாயத்தைக் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து வந்த இத்தகைய சாயங்களில் பல, தண்ணீருக்கும் வெயிலுக்கும் தாக்குப் பிடிப்பதில்லை. இரும்பு மையிலும் குறை உண்டு. அது அமிலத்தன்மை உடையது. செம்மையாகக் கலக்காத பழைய மைகள் தாளையே அரித்து எழுத்தின் வடிவில் ஓட்டை போட்டிருக்கின்றன. சாதாரண எஃகு முள்ளையும் அது அரிக்கும். பழைய நல்ல பேனாக்களுக்குத் தங்க முள் வைத்ததற்கு ஆடம்பரத்தைவிட இந்த அரிப்பே முதன்மையான காரணம்.

நனைந்த தாளைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நான் செய்தது இழப்பைப் பெரிதாக்கியது. துணியால் பக்கங்களை ஒற்றி எடுக்கிறேன் என்று துடைத்துவிட்டேன். மிஞ்சியிருந்த சாயமும் துணிக்கு வந்துவிட்டது. துடைக்கக் கூடாது, அழுத்தக் கூடாது, ஒட்டிய பக்கங்களைப் பிரிக்கக் கூடாது. ஒன்றிரண்டு நோட்டுகள் என்றால் விசிறியாக விரித்து நிறுத்தி, இடையிடையே ஒற்றுத்தாள் வைத்து, நனைய நனைய மாற்றிக்கொண்டு நிழலில் உலர்த்த வேண்டும். நிறைய இருந்தால் பிளாஸ்டிக் உறையில் இட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் மை மேலும் பரவாது, பூஞ்சணமும் பிடிக்காது, ஆவணப் பாதுகாப்பாளர்களிடம் கேட்டுச் செய்ய அவகாசம் கிடைக்கும். இதெல்லாம் பின்னர்தான் எனக்குத் தெரிந்தது.

பேனாவுக்கு எது பாதுகாப்போ அது எழுத்துக்குப் பாதுகாப்பாக இருப்பதில்லை என்ற இந்தச் சிக்கலுக்கு நான் கண்ட வழி, இரண்டு பேனாக்கள். அப்பாவின் பேனாவில் பழைய நீல மையே இருக்கிறது. பட்டியல், முகவரி, முதல் படி ஆகியவற்றை அதில் எழுதுகிறேன். நிலைக்க வேண்டியவற்றை, எளிதாகக் கழற்றிக் கழுவக் கூடிய, துருப்பிடிக்காத எஃகு முள் உள்ள புதிய பேனாவில் இரும்பு மையால் எழுதுகிறேன். மாதம் ஒருமுறை தண்ணீர் தெளிந்து வரும் வரை அதைக் கழுவுகிறேன். நீலக்கறுப்பு என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். இன்று அந்தப் பெயரில் விற்பவற்றில் பல வெறும் சாயம். எந்த மை வாங்கினாலும் ஒரு தாளில் பத்து வரி எழுதி ஒரு வாரம் காய விடுங்கள். பிறகு பாதியை வெட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். மீதிப் பாதியைச் சன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதில் பாதியை அட்டையால் மறைத்து ஒரு மாதம் வெயிலில் விடுங்கள். எனக்கு இந்தச் சோதனையைச் செய்ய ஒரு தாளும் ஒரு மாதமும்தான் தேவைப்பட்டிருக்கும். எழுதிய பக்கங்களை வாரந்தோறும் படம் எடுத்து வைப்பதையும் இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

அழிந்ததை அம்மாவிடம் சொல்லத் தயங்கி மூன்று வாரங்கள் கழித்தேன். சொன்னபோது, "அதனால் என்ன, மறுபடி சொல்கிறேன், எழுது" என்றார். மறுபடி சொன்னவை முன்பு சொன்னவை போல் இல்லை. சில நிகழ்ச்சிகள் அவருக்கு இரண்டாம் முறை நினைவுக்கு வரவில்லை. சில வேறு விதமாக வந்தன. அந்த 63 பக்கங்களில் இருந்தவற்றில் எவை போயின என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

உலர்ந்த கணக்கு நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். அப்பாவின் எழுத்தில் நேர்க்கோடுகளைவிட இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் கோடுகள் தடித்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம், ஆண்டுக்கு ஆண்டு அப்படியே. முள்ளின் முகம் நேராக வானத்தைப் பார்த்திருந்தால் அப்படி வராது. பேனாவைக் கையில் எடுத்து, உருப்பெருக்கியில் நுனியைப் பார்த்தேன். முள்ளின் நுனியில் இருக்கும் சிறு உருண்டை இரிடியம், ஆஸ்மியம் போன்ற மிகக் கடினமான உலோகங்களின் கலவை. அதுவே ஒரு பக்கமாகத் தேய்ந்து, பளபளக்கும் ஒரு சிறு தளமாகியிருந்தது. பெரியவரின் துண்டுத்தாளில் இருந்த வரி அப்போது நினைவுக்கு வந்தது. சுரண்டுகிறது என்பதற்காக இந்த நுனியை உப்புத்தாளில் நான்கு முறை தேய்த்துவிடலாமா என்று சென்ற ஆண்டு ஒருநாள் எண்ணி, தாளைக் கையில் எடுத்தும், வேறு வேலை வந்ததால் விட்டுவிட்டேன். முள் எழுதவில்லை என்றால் முதலில் கழுவுங்கள், பிறகு தாளை மாற்றுங்கள், பிறகு பிடியை மாற்றுங்கள். தேய்ப்பதைப் பற்றி எண்ண வேண்டியது அதற்கெல்லாம் பிறகுதான்.

அந்தத் தளம் தாளில் படியும்படி பேனாவை இடப்பக்கம் சற்று உருட்டினேன். நான் பிடிக்கும் இடத்தைவிட இரண்டு விரற்கடை மேலே தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவிரலின் முதல் கணு தானாகவே கழுத்துக்கு அடியில் வந்து தாங்கியது. அழுத்தாமல் தள்ளிக்கொண்டு போனேன். சுரண்டல் நின்று, முள் சத்தமே இல்லாமல் ஓடியது. அம்மாவிடம் அப்படியே காட்டினேன். அவர் பேனாவைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மாலையில் அவர் சொல்வதன் முதல் படியை அந்தப் பேனாவை அந்தப் பிடியில் பிடித்து எழுதிக்கொள்கிறேன். இரவு அதை இரும்பு மையில் படியெடுத்து வைக்கிறேன். என் நடுவிரலின் கணுவிலும் நீலக்கறை இருக்கிறது.